கடவுச்சொல் கேட்காத கோப்பும் பூட்டிய கோப்பே

பிரிட்டனில் வளர்ச்சிப் பொருளியல் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது, என் மதிப்பெண் பட்டியலின் பிடிஎஃப் கோப்பு மட்டும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுள்ளதாகக் கூறி இணையதளம் ஏற்க மறுத்தது. கணிதம், பொருளாதார அளவையியல் மதிப்பெண்களைத் துறையினர் கூர்ந்து பார்ப்பார்கள் என்பதால் அதை விட்டுவிடவும் இயலாது. கோப்பின் அளவைக் குறைத்தும் பெயரை மாற்றியும் வேறு உலாவியில் முயன்றும் நாள்கள்தாம் வீணாயின. கடவுச்சொல் கேட்காமலேயே திறக்கும் அக்கோப்பின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதியைப் பார்த்தபோதுதான், அச்சிடலாம், ஆனால் திருத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பது தெரிந்தது. அத்தகைய கோப்பும் உள்ளே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டதே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குரோமில் திறந்து, அச்சிடும் கட்டளையில் பிடிஎஃபாகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்து எடுத்த புதிய பிரதியைத் தளம் உடனே ஏற்றுக்கொண்டது, பெரும் நிம்மதி. இவ்வாறு எடுத்த பிரதியில் மின்னொப்பம் செல்லாது என்பதால், சேர்க்கையின்போது சரிபார்க்கக் கேட்டால் கொடுப்பதற்கு மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்கிறேன்.