குடும்ப எஸ்.யூ.வி.க்குக் கட்டுப்படியாகும் விலையில் மாற்று டயர்: டெல்டா சாலைகளுக்கான செய்முறை விளக்கம்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் வழியில், நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு பிற்பகலில், உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் வண்டியை விட்டு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். முன்பக்க இடது டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் மேற்பரப்பு, பாதிக்கு மேல் மீதமிருந்த டயர் அது. பக்கத்திலிருந்த பஞ்சர் கடைப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, நம்ம ஊர்ல டயர் பட்டன் தேஞ்சு சாகறதில்ல, சைடுல அடிபட்டுத்தான் சாகுது” என்றார். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பி, மறுநாளே அவசரமாக ஒரு கடையில் நான்கு டயர்களை மலிவாக வாங்கினேன். அவை தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆனவை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதல்முறை டயர் மாற்றுகிறவர் அந்தப் பணத்தை இழக்காமல் இருப்பதற்காக, இப்போது நான் கடைப்பிடிக்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: மாற்றத்தான் வேண்டுமா என்று பார்ப்பது

டயரின் நீள்பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவினால், ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் தட்டுப்படும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள். ஆனால் ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று சொல்லும் ஊரில் அந்தக் கடைசி மில்லிமீட்டர் வரை காத்திருப்பது சரியல்ல. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயருக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் நீர் வெளியேறும். ஆழம் குறைந்துவிட்டால், வேகமாகச் செல்லும்போது டயர் தாரைத் தொடாமல் நீரின் மீதே மிதந்து செல்லும், அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது. ஆகவே புரட்டாசியில் அளந்து பார்த்து, 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலைப் பள்ளத்தில் நிறுத்தி வைத்து, முனையில் உள்ள வெற்றிடத்தைக் கழித்துக்கொண்டால், ஏறத்தாழ அளவு கிடைத்துவிடும்.

அளக்கும்போது உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக அடித்து ஓட்டியிருக்கிறோம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருக்கிறது அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ ஒரு பாகம் ஆடுகிறது. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயரை மாட்டினால், அதுவும் அதே ஓரத்தில் தேயத் தொடங்கும்.

பட்டன் நன்றாக இருந்தும் மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. பக்கச் சுவரில் கொப்புளம் இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய முடியாது. சுவர் முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. வெயிலில் நிறுத்தப்படும், குறைவாக ஓடும் வண்டிகளில் இது சீக்கிரமே வரும்.

இரண்டாம் படி: டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில்தான் இருக்கின்றன. இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லாதீர்கள். பழைய உரிமையாளர் அளவை மாற்றியிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக 215/60 ஆர்17 96எச் என்று இருந்தால், 215 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது, அதாவது 129 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 17 என்பது டயரை மாட்டும் உலோகச் சக்கரமான டிஸ்கின் விட்டம் அங்குலத்தில். 96 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். 95 என்றால் 690 கிலோ. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும் என்கிறது. நாம் யாரும் கும்பகோணத்துச் சாலையில் அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்றாலும், வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கும் அந்த எழுத்து ஓர் அடையாளம் என்பதால், ஸ்டிக்கரில் சொல்லப்பட்ட சுமைக் குறியீட்டுக்கும் வேக எழுத்துக்கும் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. விலை குறைவாகச் சொல்லப்படும் டயர்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் குறைந்திருக்கும். வேளாங்கண்ணிக்கு ஏழு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்கிற குடும்ப வண்டிக்கு அது ஆகாது.

அளவை மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, டிஸ்க் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் முழு விட்டம் கிடைக்கும். மேலே சொன்ன டயருக்கு 258 உடன் 431.8 சேர்ந்து 689.8 மில்லிமீட்டர். அதே வழியில் 225/60 ஆர்17 டயருக்கு 701.8 வருகிறது, ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடுதல். இந்த வேறுபாடு இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் வேகமானி காட்டும் வேகம் பிசகுவதோடு, திருப்பத்தில் டயர் உட்புறம் உரசவும் கூடும். என் கருத்தில், செலவைக் குறைக்க நினைப்பவர் அளவைத் தொடவே வேண்டாம். மாருதி பிரெஸ்ஸாவின் 215/60 ஆர்16, ஹூண்டாய் கிரெட்டாவின் 205/65 ஆர்16 போன்றவை நிறைய விற்பனையாகும் அளவுகள் என்பதால், எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர் என்று பல நிறுவனங்களின் டயர்களை ஒப்பிட்டு விலை பேச முடியும்.

மூன்றாம் படி: நம் சாலைக்கு ஏற்ற ரகம்

எஸ்.யூ.வி. டயர்களில் எச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது, ஏ.டி. என்பது தாரும் கரடுமுரடும் கலந்த பாதைக்கானது, எம்.டி. என்பது சேற்றுக்கானது. கடைக்காரர்கள், “நம்ம ஊரு ரோட்டுக்கு ஏ.டி. போட்டுக்குங்க சார், முரட்டு டயர்” என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை.

டெல்டாவில் வண்டி எதன் மீது ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி தார், மழைக்காலத்தில் தாரின் மீது நீர். அறுவடை நாள்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. அதன் மீது பிரேக் பிடித்தால் மணிகள் உருண்டு டயரை வழுக்கவிடும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர்களின் சக்கரங்கள் களிமண் கட்டிகளைத் தாரில் உதிர்த்துவிட்டுப் போகின்றன. அதன் மேல் ஒரு தூறல் விழுந்தால் சாலை சோப்பு போட்ட தரை போலாகிவிடும். இவை அனைத்திலும் நமக்குத் தேவைப்படுவது ஈரத்தில் பிடிமானம். பருமனான பட்டன்கள் கொண்ட ஏ.டி. டயர்களில் பல, ஈரத் தாரில் எச்.டி. டயரைவிடத் தாமதமாகவே நிற்கின்றன; சத்தமும் எடையும் கூட, அதனால் டீசலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். வயல் சேற்றில் இறங்கிவிட்டால், முன்சக்கரம் மட்டும் இழுக்கும் குடும்ப எஸ்.யூ.வி.யை, அது ஏ.டி. போட்டிருந்தாலும், டிராக்டரை வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும். தினமும் வண்டல் பாதையில் கொல்லைக்குப் போய்வருகிறவர் ஏ.டி. வாங்கட்டும், மற்றவர்களுக்கு, அகலமான நீள்பள்ளங்கள் மூன்று அல்லது நான்கு கொண்ட எச்.டி. ரகமே போதும், விலையும் குறைவு.

பஞ்சர் கடைப் பெரியவர் சொன்னதில் பொருள் இருக்கிறது என்பது பின்னர் வாய்க்காலோரச் சாலைகளைக் கவனித்தபோதுதான் விளங்கியது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிய குறுகிய சாலைகளில், எதிரே பேருந்து வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். தாரின் விளிம்பு மண்ணைவிட அரையடி உயர்ந்து, உடைந்த ஓடு போலக் கூராக நிற்கும். அங்கிருந்து மீண்டும் ஏறும்போது அந்த விளிம்பு டயரின் பக்கச் சுவரை அறுக்கிறது. அதனால்தான் சுவர் உயரத்தைக் குறைத்து, பெரிய அலாய் வீல் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. 60 அல்லது 65 என்ற விகிதம் உள்ள டயரின் சுவர் அடியை வளைந்து தாங்கும், 50 உள்ளது டிஸ்க்கோடு சேர்த்து அடிபடும். ஏறும்போது வேகத்தைக் குறைத்து, சற்றுக் குறுக்காக ஸ்டீயரிங்கைத் திருப்பி ஏறினால், சுவர் விளிம்போடு நீளவாக்கில் உரசாது.

நான்காம் படி: கட்டுப்படி கணக்கு

ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகிறதா இல்லையா என்பது தெரியாது. நான்கு டயருக்கு 28,000 ரூபாய் ஆகும் ஒன்று 35,000 கிலோமீட்டர் ஓடும் என்றும், 36,000 ரூபாய் ஆகும் இன்னொன்று 60,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதில் கிலோமீட்டருக்கு 80 காசும், இரண்டாவதில் 60 காசும் ஆகிறது. அப்படியானால் விலை கூடியதே லாபம் என்று தோன்றும்.

அது ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கான பதில். டெல்டாவின் குடும்ப வண்டிகள் பல, கோயில், கல்யாணம், மருத்துவமனை, எப்போதாவது ஒரு சென்னைப் பயணம் என்று ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. அப்படி ஓட்டுகிறவருக்கு 60,000 கிலோமீட்டர் முடிய பத்து ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு முன்பே ரப்பர் காய்ந்து, பட்டன் மீதமிருக்கையிலேயே டயரைத் தூக்கிப்போட வேண்டிவரும். ஐந்தாம் ஆண்டிலிருந்து வருடம் ஒருமுறை டயரைச் சோதித்து, ஆறேழு ஆண்டில் மாற்றுவதே பாதுகாப்பு. ஆகவே குறைவாக ஓட்டுகிறவர் நீண்ட ஆயுளுக்குப் பணம் கொடுப்பதைவிட, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் நடுத்தர விலை டயரை வாங்குவதே கணக்கில் சரி. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 6,000 ரூபாய் என்றால், முன்பு 7,680 ஆக இருந்தது இப்போது 7,080. சொல்லும் விலை வரி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீல் பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு ஆகியவற்றின் கூலியும் அதில் அடக்கமா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட முடியும். தேய்ந்த டயரில் புது பட்டன் ஒட்டி ரீட்ரேட் செய்த டயரை லாரிக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். குடும்பம் ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: கடையில் தேதி பார்ப்பது

என் பணம் போனது இங்கேதான். டயரின் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆம் வாரம், அதாவது ஆகஸ்ட். சில சமயம் இந்த இலக்கங்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும் என்பதால், டயரைப் புரட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.எஃப். ஆலை பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது, அப்போலோ ஆலை ஒரகடத்தில் இருக்கிறது என்பதால் நமக்குப் புதிய சரக்குதான் வரும் என்று நம்பிவிட முடியாது. அதிகம் விற்காத அளவு கடையின் மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆறு மாதத்துக்குள் தயாரானதை நான் கேட்கிறேன். ஓராண்டைத் தாண்டினால் வாங்குவதில்லை. நான்கு டயர்களையும் தனித்தனியே பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஒவ்வொரு டயரின் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாரன்டி கேட்கும்போது அந்த எண் இல்லாத பில் வெறும் காகிதம்தான்.

ஆறாம் படி: மாட்டுவதும் அதற்குப் பிறகும்

கையிருப்பு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், புதியவை இரண்டையும் பின்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். “இழுக்குறது முன் சக்கரம்தானே சார்” என்று கடைப் பையன் மறுப்பான். ஆனால் ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம், பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் நான்கையும் ஒன்றாகவே மாற்றுவது நல்லது.

மாட்டிய பிறகு ஸ்டிக்கரில் சொன்ன பாயிண்ட்டுக்குக் காற்று அடிக்கச் செய்ய வேண்டும். முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள். நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளந்தால் போதும். புது டயரின் மேல் தயாரிப்பின்போது படியும் வழுவழுப்பு போக, முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கும் முன்பின்னாக டயரை மாற்றிப் போட்டால், நான்கும் ஒன்றாகத் தேயும்.

கழற்றிய டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டால், பழைய டயர் எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பில்லில் ஒரு சிறு தொகையும் குறையலாம். வீட்டுக்கு எடுத்து வந்து கொல்லைப்புறத்தில் போட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். போகியன்று எரிப்பதும் வேண்டாம். அந்தப் புகையைத் தவிர்க்கும்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. நான் என்னுடைய நான்கையும் கடையிலேயே விட்டு வந்தேன்.