சேசிஸிலிருந்து தொடங்குங்கள்: பழைய சுசுகி ஜீப்பை வீட்டிலேயே சீரமைக்கும் முறை

பினாங்கில் பாலிக் பூலாவின் டுரியான் தோட்டங்களிலும் செபராங் பிறையின் செம்பனைத் தோட்டங்களிலும் ஓடி ஓய்ந்த சுசுகி எஸ்ஜே410 வண்டிகள் இன்றும் ஏதாவதொரு கொட்டகையின் ஓரத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. 1980-களின் தொடக்கத்தில் அறிமுகமான இந்தச் சிறு ஜீப்பில் 970 சிசி பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், நான்கு கியர், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், உடலைத் தாங்கும் தனிச் சேசிஸ் என எல்லாமே எளிமையானவை. கணினிப் பெட்டி எதுவும் இல்லாததால், அடிப்படைக் கருவிகளும் பொறுமையும் உள்ள ஒருவர் வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடத்திலேயே இதைச் சீரமைத்துவிட முடியும். பணம் வீணாவது பெரும்பாலும் வேலையின் வரிசை தவறுவதால்தான். எஞ்சின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் உடனே வண்ணம் பூசி, ஆறு மாதம் கழித்து அந்த வண்ணத்துக்குக் கீழே இரும்பு உதிர்வதைப் பார்ப்பவர்கள் உண்டு. சேசிஸ், பிரேக், முன் அச்சு, அதன் பிறகே எஞ்சின், கடைசியில் வண்ணம் என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள்.

இந்த வரிசைக்கு நம் மலேசியாவுக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. வண்டியின் உரிமைச் சான்றான கெரானில் பதிவாகியிருக்கும் சேசிஸ் எண்தான் அந்த வண்டியின் அடையாளம். எஞ்சின் கெட்டால், பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையில் இன்னொன்றைத் தேடிப் பொருத்தி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலோடு கெரானில் எஞ்சின் எண்ணைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. சேசிஸ் மக்கிவிட்டால் அத்தகைய வழி எளிதில் கிடைக்காது. எனவே விலை பேசும் முன்பே கெரானிலுள்ள எண்களை வண்டியில் பொறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையிலும் இதே ஒப்பீடு நடக்கும். தோட்டத்துக்குள் மட்டுமே ஓடிய வண்டிகள் சிலவற்றுக்குப் பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஜேபிஜே முகப்பில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியல், டார்ச் விளக்கு, காந்தம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், உடல் சேசிஸோடு இணையும் தாங்கிகள், பின்புறக் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்று இடங்களில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பக்கவாட்டுத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடவி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். உர மூட்டை ஏற்றிய வண்டியானால் பின்தளத்தின் விரிப்பைத் தூக்கியே பார்க்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு போன்ற உரங்கள் ஈரத்தோடு சேர்ந்தால் கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். தரைத் தகட்டில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது தகடு வெட்டி ஒட்டும் வேலைதான். ஸ்பிரிங் கொக்கி பிய்ந்து தொங்கும் வண்டியை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தரையைக் கவனியுங்கள். நம் வீடுகளின் முன்தளத்தில் பெரும்பாலும் ஓடு பதித்திருப்பதால், ஜாக் ஸ்டாண்டின் கூர்மையான கால்களுக்கு அடியில் தடித்த பலகை வைக்காவிட்டால் ஓடு உடைந்து ஸ்டாண்ட் சரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. இந்த ஜீப்பின் தொடக்கக் கால வகைகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அவற்றில் கை பிரேக் சக்கரங்களில் இல்லை. எஞ்சினின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத்தில், பின் அச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கும் டிரம்மாக அமைந்திருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கினால், ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் தாராளமாகச் சுழலும் என்பதால், கை பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருண்டுவிடும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

சேசிஸ் வேலைக்கு முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை முழுவதுமாக இறக்கித் தொலைவில் வையுங்கள். காலியான தொட்டியில் தங்கியிருக்கும் ஆவிதான் நிறைந்த தொட்டியைவிட எளிதில் வெடிக்கும். தொட்டியை வெல்டிங் செய்ய எண்ணவே வேண்டாம். துருவைக் கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டரால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். மெலிந்த பகுதியின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது நம் பட்டறைகள் சிலவற்றில் வழக்கமாக இருந்தாலும், இரு தகடுகளுக்கும் இடையே ஈரம் தங்கி உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் அதை ஏற்பதற்கில்லை. மக்கியதை வெட்டி எடுத்துவிட்டு, சேசிஸின் தடிமனுக்கு ஒத்த தகட்டை அந்த இடத்தில் பொருத்துவதே முறை. வலுவூட்டும் தகடு தேவைப்பட்டால் அதன் முனைகளைச் சாய்வாக, சாய்சதுர வடிவில் வெட்டுங்கள். சட்டத்துக்குக் குறுக்காக நேர்கோட்டில் வெல்டிங் செய்தால், பளு முழுவதும் அந்தக் கோட்டில் குவிந்து அங்கேயே விரிசல் விழும். வெல்டிங்கில் பழக்கமில்லாதவர்கள் வெட்டுவது, சுரண்டுவது, பொருத்திப் பார்ப்பது வரை தாமே செய்து, ஒட்டும் வேலைக்கு மட்டும் தேர்ந்தவரை வீட்டுக்கு அழைக்கலாம். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் எபோக்சி பிரைமர் அல்லது துத்தநாகம் கலந்த பிரைமரைத் தூரிகையாலேயே பூசுங்கள். சேசிஸ் குழல்களின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்புத் திரவத்தை நீண்ட குழாய் வழியாகத் தெளித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்டவை. பூச்சு வேலையை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் காய்வதற்காகக் காத்திருக்கும் தொல்லை குறையும்.

அடுத்தது பிரேக். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கக்கூடும், ஆகவே ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நின்றுபோன வண்டியில் வீல் சிலிண்டர்கள் இறுகியோ கசிந்தோ இருக்கும். ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்புறம் வீங்கி, பெடலை விட்ட பிறகும் பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்கும். இவற்றையெல்லாம் சோதித்துக்கொண்டிருப்பதைவிட மொத்தமாகப் புதியதாக மாற்றிவிடுவதே மேல். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், திறந்து வைத்த பழைய புட்டியைப் பயன்படுத்த வேண்டாம். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் அது பின்பக்க இடது சக்கரம்.

இந்த ஜீப்பின் தனிக்குணம் முன் அச்சில் இருக்கிறது. ஸ்டியரிங் குலுங்கி நடுங்குகிறது என்று பலரும் டயரைக் குறை கூறுவார்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் பெடலை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால், அச்சு முனையின் உருண்டைப் பகுதிக்கு மேலும் கீழும் உள்ள, சக்கரம் திரும்புவதற்கான கிங்பின் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. புதியவற்றைப் பொருத்தும்போது மெல்லிய சிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டிலுள்ள அளவையே பின்பற்றுங்கள். அந்த உருண்டையிலிருந்து மெலிந்த சாம்பல் நிற எண்ணெய் ஒழுகினால், உள் அச்சில் எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல் கெட்டுப்போய் டிஃபரன்ஷியல் எண்ணெய் கிரீஸோடு கலந்துவிட்டது என்று பொருள். பேரிங்குகளிலும் சீல்களிலும் எண்ணோ அளவோ பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். பழையதைத் துடைத்துப் பேரிங் கடைக்குக் கொண்டுபோனால், வண்டியின் பெயரைச் சொல்லாமலேயே பொருத்தமானது கிடைத்துவிடும்.

அச்சு எண்ணெயை வடிக்கும்போது அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது. அச்சின் மேலுள்ள சிறு மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் திடீரெனக் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் எண்ணெய் வாங்கும்போது டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம், பித்தளை வளையங்கள் உள்ள கியர் பெட்டிக்கு ஜிஎல்-4 தரம் என்ற வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள்.

எஞ்சின் வேலை பலரும் அஞ்சுமளவுக்குக் கடினமானதன்று. வயது தெரியாத டைமிங் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் உடனே மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தொட்டியைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் அதே துருத்தூள் மீண்டும் வந்து பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். வெப்ப நாடு என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும், ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள். முன்னது எஞ்சினை உரிய சூட்டுக்கு வரவிடாது, பின்னது உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும்.

மின்கம்பிகளில் பெரும்பாலான குறைகள் துருப்பிடித்த எர்த் இணைப்புகளால் வருபவை. அவற்றைச் சுரண்டி இறுக்கினாலே பாதி விளக்குகள் எரியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். பழைய ஸ்பேனர், இடுக்கி போன்றவற்றை ஜார்ஜ் டவுனின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தேடிப் பார்க்கலாம். ஜாக் ஸ்டாண்டை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

வெளிப்பூச்சைப் பற்றி ஒரே எச்சரிக்கை: இரு கலவைப் பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. வரிசை வீட்டு முற்றத்தில் அதைத் தெளிப்பது உங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கேடு. அந்த வேலையைப் பெயிண்ட் பட்டறையிடம் விடுங்கள். வண்டியை உயர்த்துவது, உடலமைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கும் ஜேபிஜேயின் ஒப்புதல் தேவை.

சாலை வரியும் காப்புறுதியும் வந்த பிறகு முதல் ஓட்டத்தைச் சமதளத்தில் வைத்துக்கொண்டு, பிரேக் ஒருபக்கமாக இழுக்காததை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலையேறும் துன் சார்டோன் சாலை, குளிர்விப்பையும் பிரேக்கையும் சேர்த்துச் சோதிக்க ஏற்றது. நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. திரும்பும்போது முன் பின் அச்சுகளின் வேக வேறுபாட்டுக்கு இடமில்லாமல் தண்டுகள் முறுக்கேறும். புல்வெளியோ சரளைக்கல் தடமோ வேண்டும். திரும்பி வந்ததும் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி இறுக்கி, இரவில் வண்டிக்கடியில் ஓர் அகன்ற அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எண்ணெய்த் துளி விழுந்திருக்கும் இடத்தைப் பார்த்தே அடுத்து எந்த சீலைக் கழற்ற வேண்டும் என்று முடிவு செய்யலாம்.