ஐப்பசி ஏரியில் ஆண் வாத்துகள் எங்கே போயின?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் பள்ளிக்கரணையிலோ வேடந்தாங்கலிலோ நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால், குறிப்பேட்டில் 'எல்லாம் பெட்டை' என்று எழுதிவிடாதீர்கள். பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. கையேட்டுப் படத்தில் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பிறைபோல் அகன்ற வெண்பட்டை இருக்கும். ஏரியில் அதைத் தேடினால் கிடைக்காது. ஆண்களும் அங்கேதான் மிதக்கின்றன, பெட்டையின் மங்கிய பழுப்பு உடையில்.

அவற்றை நோயாளி என்றோ கிழடு என்றோ நினைப்பதும் தவறு. வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப் போல உயிரற்றது. அது தேயும், வெளுக்கும். புது நிறம் பூணாது. பழையது உதிர்ந்து புதியது முளைத்தால்தான் உடை மாறும்.

ஏன் இந்த மங்கல் உடை? காகம் இறக்கையின் இறகுகளைச் சிறிது சிறிதாக உதிர்ப்பதால் தொடர்ந்து பறக்கிறது. வாத்துக்கோ உடல் கனம், இறக்கை சிறிது. சில இறகுகள் குறைந்தாலே பறப்பது பெரும்பாடு. அதனால் பறக்க உதவும் இறகுகள் அனைத்தையும் ஒரேயடியாக உதிர்த்துவிடுகிறது. நம் ஊருக்கு வலசை வருமுன், ஐரோப்பிய, சைபீரியச் சதுப்புகளில், இனப்பெருக்கம் முடிந்த கோடையில், மூன்று நான்கு வாரங்கள் நீலச்சிறகியால் பறக்கவே முடியாது. நரி வந்தால் நாணலுக்குள் ஒடுங்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் வெண்பட்டை ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகப் பூண்ட மங்கல் உடை, இறக்கை முளைத்து இங்கே வந்து சேர்ந்த பிறகும் உடனே மாறுவதில்லை. பெட்டைக்கு இந்தக் கவலை இல்லை. அடைகாக்கும்போதே அது புல்லோடு புல்லாகத்தான் இருக்கிறது.

லண்டன் பூங்காக்களில் கோடையில் மல்லார்ட் வாத்து பறக்காமல் ஒதுங்கி நின்றால், காயம்பட்டது என்று துரத்திப் பிடிக்காதீர்கள். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது, முறிந்தால் கசியும். அலகைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் ஆண், ஆரஞ்சில் கருந்திட்டுகள் இருந்தால் பெட்டை.

எல்லா வாத்துக்கும் இதைப் பொருத்தவும் கூடாது. நம் ஊர்ப் புள்ளிமூக்கு வாத்தில் ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான்.

நீலச்சிறகிக்குத் தமிழ்ப் பெயரே துப்பு. உடல் எவ்வளவு மங்கினாலும் ஆணின் இறக்கை முன்பகுதியில் வெளிர்நீலச் சாம்பல் நிறம் இருக்கும். பெட்டைக்கு அது பழுப்புச் சாம்பல். மிதக்கும்போது பெரும்பாலும் தெரியாது. பொறுமையாகக் காத்திருங்கள். ஒரு பக்க இறக்கையையும் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டி அது சோம்பல் முறிக்கும் நொடியில் அந்த நீலம் விரியும். வெண்பட்டையைப் பார்க்க வேண்டுமானால் மாசியில் மறுபடி வாருங்கள்.