ஹார்ட் டிஸ்க் திணறத் தொடங்கியபோது

கொக்குவில் வீட்டில் இருக்கும் எங்கள் பழைய கணினி, படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே உறைந்துபோகத் தொடங்கியது. இடைக்கிடை நீலத்திரையும் வரும். "விண்டோஸைத் திருப்பிப் போட்டால் சரிவரும், தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. எனக்கென்னவோ டிஸ்க்கில்தான் சந்தேகம்.

டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்து எழுதிவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். அதில் 199 என்ற எண்ணுள்ள விவரம் மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. மாற்றினால் வேலை முடிந்தது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏறியிருந்தவை 5உம் 197உம். அதாவது, தரவு பதியும் சிறு பகுதிகளான செக்டர்களில் சிலவற்றை டிஸ்க் ஏற்கெனவே பழுதென்று ஒதுக்கிவிட்டது, இன்னும் சிலவற்றை வாசிக்க முடியாமல் திணறுகிறது.

இந்த நிலையில், விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. அது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற ஒழுங்கை, அதாவது கோப்பு முறைமையைத் திருத்துமே தவிர டிஸ்க்கைத் திருத்தாது. சாகப்போகிற டிஸ்க்கிடம் வீண்வேலை வாங்கும். முதலில் தரவு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

யாழ் நகரில் புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழையதைவிடக் கொள்ளளவு குறையாமல் இருக்க வேண்டும். பென்டிரைவில் இருந்து லினக்ஸை ஏற்றி, பழுதான டிஸ்க்கில் இருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் புதியதில் பிரதி எடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று அது குறித்துவைக்க மேப் கோப்பு ஒன்றும் கொடுத்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும், விட்ட இடத்தில் இருந்தே தொடரலாம். எங்கள் ஊரில் அதைவிட வேறென்ன வேண்டும்!

செக்டிஸ்க்கைப் பிரதியில்தான் ஓட்டினேன். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. அக்காவின் கல்யாணப் படங்கள் முழுதாகத் தப்பின.