சுஜாதாவின் அறிவியல் நாவல்களை மறுபடி எடுப்பவர்களுக்கு

பள்ளி நாட்களில் ஊண் உறக்கம் மறந்து படித்த சுஜாதாவின் அறிவியல் நாவல்களை நடுவயதில் எடுத்தால், சில பக்கங்கள் பழையபடியே இழுத்துக்கொள்ளும். சில பக்கங்கள் சலிப்பூட்டும். அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிந்துவிட்டால், பிடித்த பகுதியையும் சேர்த்துத் தூக்கியெறிய நேராது.

முதலாவதாக, ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய ‘என் இனிய இயந்திரா’வைக் கோபியிலிருந்து கோவைக்குப் போகும் பேருந்தில் தொடங்கித் திரும்பும் பயணத்திலேயே முடித்த நான், அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரும் திடுக்கிடல்களால் அலுத்துப்போய், இதையா அந்த வயதில் கொண்டாடினோம் என்று நினைத்தேன். 1980-களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர் அது. ஒவ்வொரு முடிச்சும் வாசகரை ஏழு நாள் காத்திருக்க வைப்பதற்காகப் போடப்பட்டது. மறுமுறை நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று படித்தபோது அதே முடிச்சுகள் உறுத்தவில்லை.

அடுத்து, அவர் எழுதியது பலித்ததா என்று கணக்குப் பார்ப்பதை நிறுத்துங்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் என்பதால், நாவலை ஆரூடமாகப் படிக்கும் சபலம் எழுவது இயல்புதான். ஆனால், பிள்ளை பெற அரசின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் ‘என் இனிய இயந்திரா’வின் நாயகி நிலாவையும், பெயரைக்கூட இரண்டெழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ள விடாத ஆட்சியையும் கவனித்தால், கருவிகள் எவை வந்தன, எவை வரவில்லை என்ற கேள்வி சிறுத்துவிடும்.

ஒரு குறிப்பேட்டில் கற்பனை, மாந்தர், நடை என்று தனித்தனியே எழுதி வைப்பது நல்லது. என் குறிப்பில் மாந்தருக்கான பக்கம்தான் குறைகளால் நிறைந்தது: நிலா அழுகிறாள், அஞ்சுகிறாள், பிறர் சொல்வதைச் செய்கிறாள்; யோசிப்பதும் கேலி பேசுவதும் பெரும்பாலும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான். இது ஆசிரியரின் நோக்கமா, கைதவறியதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில், புத்தகத்தை வாங்கிப் படித்த அக்காள் மகள், “நாய்க்குட்டி வராத பக்கமெல்லாம் தள்ளிட்டேனுங்க மாமா” என்று இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் படித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதன் அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வை உடனே தொடராமல் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில், கணிப்பொறி நிபுணர் ஒருவர் கடத்திச் செல்லப்படும் ‘சொர்க்கத் தீவு’ போன்ற, நீங்கள் முன்பு படித்திராத ஒன்றை எடுங்கள். சிறுவயது நினைவு குறுக்கிடாத நாவலில்தான் உங்கள் இப்போதைய ரசனை கலப்பில்லாமல் தெரியும். அதையும் குறித்து வைத்த பிறகு ஜீனோவிடம் திரும்புங்கள்.