பக்கத்து வீட்டு மரம் நம்ம வீட்டு மேல விழுந்தா யார் பொறுப்பு? என்ன பண்ணணும்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா

2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்போ சென்னையில, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ டெல்டாவுல, தெருத்தெருவா மரம் சாஞ்சு கெடந்துச்சு. அப்போலாம் எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: மரம் அவங்களோடது, ஒடஞ்சது நம்ம வீடு, காசு யார் குடுக்குறது?

நாம "அவர் மரம்தானே, அவர்தான் குடுக்கணும்"னு நெனைப்போம், அவரு "காத்து தள்ளுனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்"னு கேப்பாரு. கோர்ட் இந்த ரெண்டையும் அப்படியே எடுத்துக்காது. மரம் ஆபத்தா இருக்குன்னு ஓனருக்குத் தெரியுமா, தெரியலன்னாலும் சாதாரணமா பாத்தாலே தெரிஞ்சிருக்கணுமா, தெரிஞ்சும் கண்டுக்காம விட்டாரா, இதைத்தான் பாக்கும். நல்லா பச்சையா நின்ன மரம் பெரும்புயல்ல வேரோட வந்துருச்சுன்னா 'கடவுள் செயல்'னு அவர் தப்பிச்சுக்க நெறைய வாய்ப்பு இருக்கு, ஆனா அடி உளுத்துப்போயி, ஒரு பக்கமா சாஞ்சு, நீங்க பல தடவ சொல்லியும் விட்டு வச்சு அது சாதா மழைக்கே விழுந்தா அது கவனக்குறைவு, நஷ்டஈடு கேக்கலாம். ரோட்டு மரத்துக்கும் இதேதான், டெல்லியில ஸ்கூட்டர்ல போனவர் தலையில மரக்கிளை முறிஞ்சு விழுந்து அவர் இறந்துபோன வழக்குல, மரங்களை அப்பப்போ செக் பண்ணாத மாநகராட்சிதான் பொறுப்புன்னு 1999-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு.

அதனால மரம் விழுறதுக்கு முன்னாடி நீங்க எழுத்துல சொன்னீங்களாங்கிறதுதான் பின்னாடி எல்லாத்தையும் தீர்மானிக்கும். வாயால சொன்னதுக்கு சாட்சி இருக்காது.

ஸ்டெப் 1: மரம் யாரோடதுன்னு உறுதி பண்ணுங்க

அடிமரம் யார் நிலத்துல நிக்குதோ அவங்களோடதுதான் மரம், கிளை எந்தப் பக்கம் வந்தாலும் சரி. நடு வரப்புல நின்னா ரெண்டு பேருக்கும் பொறுப்பு வரலாம். சந்தேகம் இருந்தா பட்டாவையும் எஃப்எம்பி (நிலத்தோட அளவும் எல்லையும் காட்டுற) வரைபடத்தையும் அரசோட இ-சர்வீசஸ் சைட்ல எடுத்துப் பாருங்க, அப்பவும் தெளிவாகலன்னா தாலுகா ஆபீஸ்ல நில அளவைக்கு மனு குடுத்து சர்வேயரை வரவைங்க. தெருவுல நிக்குற மரம்னா மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, நெடுஞ்சாலைத்துறை, இதுல யார் கைல அந்த ரோடு இருக்குன்னு பாத்து அவங்களுக்குத்தான் மனு போகணும்.

ஸ்டெப் 2: போட்டோ

தூரத்துல இருந்து ஒண்ணு, மரமும் வீடும் சேர்ந்து தெரியுற மாதிரி. அப்புறம் கிட்டத்துல, அடியில பொந்து, காளான், பட்டை உரிஞ்ச எடம், வேர் தூக்கிட்டு மண்ணு வெடிச்ச எடம். வேர் வந்து காம்பவுண்ட் சுவரு, சம்ப்பு, செப்டிக் டேங்க் வெடிச்சிருந்தா விரிசல் பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுங்க, மாசாமாசம் அதே எடத்துல எடுத்தா விரிசல் பெருசாகுறது தானா தெரியும். எடுத்த போனை மாத்துனாலும் தூக்கிப் போட்டுறாதீங்க, டிஜிட்டல் ஆதாரத்துக்கு கோர்ட்ல சான்றிதழ் குடுக்கணும்.

ஸ்டெப் 3: பேசுங்க, உடனே எழுதியும் குடுங்க

முதல்ல நேர்ல போய் நிதானமா பேசுங்க, வெட்டுக்கூலியில பாதி நான் தரேன்னு சொன்னாலே முக்கால்வாசி எடத்துல முடிஞ்சிரும். முடியலன்னா அன்னைக்கே ஒரு லெட்டர். வக்கீல்தான் எழுதணும்னு இல்ல, இப்படி எழுதுனா போதும்:

"ஐயா, தங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் உள்ள முருங்கை மரம் அடிப்பாகம் உளுத்து, எங்கள் வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்து நிற்கிறது. இதன் அடியில் உள்ள அறையில் என் பிள்ளைகள் உறங்குகிறார்கள். இது குறித்துத் தங்களிடம் நேரிலும் தெரிவித்தேன். 15 நாட்களுக்குள் மரத்தைப் பாதுகாப்பாக வெட்டவோ கழிக்கவோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் ஏற்படும் சேதத்துக்குத் தாங்களே பொறுப்பாவீர்கள். புகைப்படங்கள் இணைத்துள்ளேன்."

தேதி, கையெழுத்து போட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் எடுத்து வைங்க, அதே லெட்டரை வாட்ஸப்லயும் போடுங்க. திட்டுறது, பழைய வாய்க்கா தகராறு இதெல்லாம் லெட்டர்ல வேணாம், நாளைக்கு ஜட்ஜ் படிக்கப்போறது இதைத்தான்.

ஸ்டெப் 4: நம்ம பக்கம் வந்த கிளை

நம்ம எல்லைக்குள்ள நீட்டிட்டு இருக்குற கிளையை எல்லை வரைக்கும் நாமளே வெட்டிக்கலாம், ஆனா அவங்க எடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது, வெட்டுன கிளையும் காயும் அவங்களோடதுதான். கோவத்துல வேர்ல ஆசிட் ஊத்தி மரத்தையே சாகடிக்குற வேலை மட்டும் வேணவே வேணாம், நஷ்டம் விளைவிச்சதா உங்க மேல கேஸ் வரும், அதோட காஞ்ச மரம் முன்னைய விட சீக்கிரம் உங்க வீட்டு மேலயே விழும். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப் பகுதின்னா மரம் வெட்ட அனுமதி தேவைப்படும், அதுக்கு 1955-லயே தனிச்சட்டம் இருக்கு. பனைமரத்துக்கு கலெக்டர் அனுமதி, சந்தன மரம்னா வனத்துறை. கரண்ட் கம்பியில ஒரசுற கிளைன்னா நீங்க தொடாதீங்க, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987-க்கு போன் பண்ணி லைனை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

ஸ்டெப் 5: ஆர்டிஓ கிட்ட மனு

இது நெறைய பேருக்குத் தெரியாது, ஆனா மரம் இன்னும் நிக்கும்போது இதுதான் ரொம்ப உதவும். வண்டி லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ். பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 152-வது பிரிவு (முன்னாடி இருந்த சிஆர்பிசி சட்டத்துல 133) படி, விழுந்து ஆளுக்குக் காயம் ஆகுற நெலமையில இருக்குற மரத்தை அகற்றச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். அந்தப் பிரிவு பேசுறது சுத்தி இருக்குற, அந்த வழியா போற மனுசங்களோட உயிரைப் பத்தி, அதனால மனுவுல "ஓடு ஒடஞ்சிரும்"னு மட்டும் எழுதாதீங்க, யார் அதுக்கு அடியில தூங்குறாங்க, எந்தப் பாதையில ஸ்கூல் பசங்க போறாங்கன்னு எழுதுங்க. ஸ்டெப் 3 லெட்டர் நகல், போட்டோ சேத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டுத்தான் வரணும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் இதே மனுவைக் குடுக்கலாம்.

ஸ்டெப் 6: விழுந்தே போச்சுன்னா

ஆளுங்களை வெளிய கொண்டுவாங்க, கரண்ட் மெயினை ஆஃப் பண்ணுங்க, மாட்டிக்கிட்டவங்க இருந்தா 112. மரத்தை அறுத்து அகற்றுறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ, வீடியோ, முக்கியமா முறிஞ்ச எடம், உள்ள உளுத்திருக்கா இல்லையான்னு அங்கதான் தெரியும், ஒரு துண்டை எடுத்தும் வைங்க. விஏஓ கிட்ட எழுதிக் குடுங்க, போலீஸ்ல புகார் குடுத்து சிஎஸ்ஆர் (புகாரை வாங்குனதுக்குக் குடுக்குற ரசீது) காப்பி வாங்குங்க, "இது சிவில் மேட்டர்"னு சொன்னாலும் அந்தக் காப்பி தேதிக்கு ஆதாரம். இன்ஜினியர் கிட்ட எஸ்டிமேட், கொத்தனார் கூலி, ஓடு வாங்குன பில்லு எல்லாம் ஒரே ஃபைல்ல.

ஸ்டெப் 7: பணம் வாங்குறது

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு முதல்ல பாருங்க, ஹோம் லோன் எடுத்தப்போ பேங்க்ல போட்டுவிட்டது பலருக்கு ஞாபகமே இருக்காது. 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில புயலும் சரி, மரம் விழுறதும் சரி, ரெண்டுமே கவராகும். மரம் கார் மேல விழுந்து, காருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தா கிடைக்காது.

இன்சூரன்ஸ் இல்லன்னா, தாலுகா கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப்பணிகள் குழுவுல, கேஸ் போடாமலே மனு குடுத்து ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆச்சுன்னா அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் வக்கீல் இலவசம்.

அதுலயும் முடியலன்னாதான் சிவில் கேஸ். நஷ்டஈடும், மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவும் சேத்தே கேக்கலாம், கோர்ட் ஒரு வக்கீலை கமிஷனராப் போட்டு எடத்தைப் பாக்க அனுப்பணும்னு உங்க வக்கீலை மனு போடச் சொல்லுங்க, அந்தக் கமிஷனர் ரிப்போர்ட்டுக்கு நல்ல மதிப்பு உண்டு. சேதம் நடந்த நாள்லேர்ந்து 3 வருசத்துக்குள்ள போட்டுறணும்.