பழைய காரில் கூலன்ட் மாற்றும்போது செய்யக் கூடாதவை

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்த தவறு, ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து, சொட்டுவது நின்றதும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எல்லாம் வடிந்துவிட்டதாக நினைப்பது. எஞ்சினின் உலோக உடலான பிளாக்கிலும், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரிலும் கணிசமான அளவு தங்கியிருக்கும். பிளாக்கில் தனி டிரெயின் பிளக் இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஹீட்டர் வால்வு உள்ள பழைய கார்களில் ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டு வடியுங்கள்.

இந்த மிச்சம்தான் கலவைக் கணக்கைக் கெடுக்கிறது. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், தண்ணீர் விட்டு அலசிய பின் உள்ளே 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். அதன்மேல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் 50 சதவீத ரெடிமிக்ஸ் 4 லிட்டர் ஊற்றினால் கலவை 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். துருவைத் தடுக்கும் சேர்மானமும் அதே அளவு நீர்த்துப்போகும். அதனால் முதலில் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் 3 லிட்டர், மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்குவதும் தவறு: ஒரே பச்சையில் வெவ்வேறு வகைகள் உண்டு. கையேட்டில் உள்ள வகையை மட்டும் ஊற்றுங்கள்.

வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கடும் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும்.

ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து விண்டுவிடும். எப்படியும் மாற்றப்போகும் ஹோஸ்தானே, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதில் ஸ்பிரிங் உள்ள பக்கம் பொதுவாக எஞ்சினை நோக்கி இருக்கும். சிறு காற்றுத்துளை இருந்தால் அது மேலே வர வேண்டும். “சூடேறாமல் இருக்கட்டும்” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசுவது மோசமான யோசனை. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலும் தேய்மானமும் கூடும். ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே அடைக்கும் எஞ்சின்களில், அது இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வந்து சூடு ஏறவே செய்யும். மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின்மேல் சிலிக்கானை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

வாட்டர் பம்ப்பின் கசிவுத்துளையில் கறை தெரிந்தால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைக்காமல் பம்ப்பை மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் பம்ப், பெல்ட் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம்.

நிரப்பும்போது அவசரம் ஆகாது. காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். ஹீட்டரைச் சூட்டுக்குத் திருப்பி, காற்றை வெளியேற்றும் பிளீட் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். காற்று தங்கினால் சூட்டை அளக்கும் சென்சார் அந்தக் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதித்தாலும் மீட்டர் முள் எழாமல் இருக்கலாம். பிறகு எஞ்சினை ஓடவிடும்போது மேல் ஹோஸ் சுட்டு, ஹீட்டரில் சூடான காற்று வந்தால் சுற்றோட்டம் சரி. மறுநாள் காலை, எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில், மூடியைத் திறந்து அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.